ரெஃப்ரியைத் திட்ட மறந்தோம்

எங்கள் அணியின் சொந்த மைதானம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் பத்து மணி நேரப் பயணம். நைஜீரியாவில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். லாஃபியா வழியாகப் போகிறீர்களா, மக்குர்தி சுற்றியா என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பிப்ரவரி வரைக்கும் அது எங்கள் ஊரிலேயேதான் இருந்தது. அபாஜே டவுன்ஷிப் ஸ்டேடியம். எங்கள் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் ஒரு சந்து, ஒரு சாக்கடை, அதற்கப்புறம் ஸ்டேடியத்தின் மதில். அபாஜே ஃபார்மர்ஸ் என்பது எங்கள் கால்பந்து அணியின் பெயர். சட்டையில் வள்ளிக்கிழங்கு சின்னம் இருக்கும். எதிரணிக்காரர்கள் அதைக் கிழங்கு என்று ஒத்துக்கொண்டதே இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் லீக் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் சோதனைக்கு வந்தார்கள். மைதானத்தில் ஆடுகள் மேய்கின்றன என்று எழுதினார்கள். உண்மை. மதில் ஒரு ஆள் உயரம்கூட இல்லை என்று எழுதினார்கள். அதுவும் உண்மை, அவர்களே கேட் சாவி கிடைக்காமல் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். விளக்குக் கம்பம் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, அந்த இரண்டிலும் விளக்கில்லை. கடைசியில், இந்த மைதானம் சரியாகும் வரை அபாஜே ஃபார்மர்ஸ் தன் சொந்த ஆட்டங்களை பௌச்சியில் ஆடும் என்று கடிதம் வந்தது.

பௌச்சி நல்ல ஊர். அங்கே மைதானத்தில் புல் இருக்கிறது. எங்கள் அணியைத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

இந்தக் கடிதத்தை என் அண்ணனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

அண்ணன் பெயர் எக்கோஜா. ஆறு சீசன் ஃபார்மர்ஸுக்கு லெஃப்ட் பேக், இடது ஓரத் தடுப்பாட்டக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்னால் லொகோஜாவில் ஆடிவிட்டுத் திரும்பும்போது அணியின் பஸ் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேர் எழுந்து நடந்தார்கள். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. கிளப் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தது. எங்கள் சந்தின் அகலத்தைவிட அது அரையடி அதிகம். வாசலுக்கு உள்ளேயே நின்றது. அதன்மேல் துணி காயப்போட்டோம்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்ததால் மூன்றாமாண்டு மாணவனான நான் முழுநேர நர்ஸாக இருந்தேன். எங்கள் அக்கா லாடி எனுகுவில் நிஜ நர்ஸ். அவள்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை. இடது, மல்லாக்க, வலது. மறந்தால் புண் வரும். புண் வந்தால் நான் வருவேன்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இடது பக்கம் படுத்தால் அண்ணனுக்குச் சுவர். வலது பக்கம் படுத்தால் ஜன்னல்.

லெஃப்ட் பேக் பாதி ஆட்டம் கோட்டோரம்தான் நிற்பான். அவனுக்கும் கேலரிக்கும் நடுவில் கையெட்டும் தூரம். அதனால் இந்த நாட்டு மைதானங்களை அண்ணன் இடது காதால் தெரிந்து வைத்திருந்தான். கானோவில் கூட்டம் கடலை உடைத்துக்கொண்டே பார்க்கும். உடைக்கிற சத்தம் நின்றால் பந்து நம் பக்கம் வருகிறது என்று அர்த்தம். வாரியில் கோட்டோரம் நின்றால் காதருகே ஜோக் சொல்வார்கள், சிரித்தால் தொலைந்தோம். போர்ட் ஹார்கோர்ட்டில் மழைதான் கத்தும். மைதுகுரியில் ஒரு பெருமூச்சு கிளம்பினால் மணலோடு சேர்ந்து வந்து கழுத்தில் படும். இபாடானில் பழைய கேலரி, கத்தினால் அது ஒருமுறை திருப்பிக் கத்தும்.

"எல்லா ஊர்லயும் ஒண்ணு மட்டும் ஒரே மாதிரிடா ஓமாலே," என்பான் என்னிடம். "ஹோம் டீம் தோக்காது. தோக்கற மாதிரி இருந்தா கூட்டம் ரெஃப்ரிகிட்ட அன்பா எடுத்துச் சொல்லும்."

படுக்கையில் விழுந்த பிறகு அந்தக் காதுதான் அவனுக்கு டிக்கெட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை நாலு மணிக்கு, ஜன்னல் வழியாக முழு மேட்சையும் 'பார்ப்பான்'. சத்தம் மேலே போய் அப்படியே நின்றால் பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. மேலே போய்ச் சரிந்தால் கீப்பர் பிடித்துவிட்டார். கார்னர் என்றால் முதலில் ரசிகர் மன்றத்துக் கிளெமெண்டின் ட்ரம்பெட். நான் கேலரியிலிருந்து வந்து ஸ்கோர் சொல்வதற்குள் அவன் எனக்குச் சொல்லிவிடுவான், எந்தப் பக்கக் கோல் கம்பம் என்பது உட்பட. இடைவேளையில் நான் மதில் தாண்டி ஓடிவந்து அவனைத் திருப்பிவிட்டுப் போவேன். திட்டிக்கொண்டே திரும்புவான். இரண்டாம் பாதி தொடங்கும்போது மறுபடி ஜன்னல் பக்கம் கேட்பான்.

ஜனவரியில் லாடி அக்கா போன் செய்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எக்கோஜா, இங்க முதுகெலும்பு வார்டுல மார்ச்ல ஒரு பெட் காலியாகுது. சொல்லி வச்சிருக்கேன். கை கால் பயிற்சி, உக்கார வைக்கிறது, எல்லாம் இருக்கு. வந்துரு."

"ஹோம் மேட்ச் நடக்குதுக்கா."

"உனக்கு என்ன, டீம்ல பேர் போட்டிருக்காங்களா?"

"பேர் போடலன்னா என்ன. ஹோம் மேட்ச் இருக்கற வரைக்கும் நான் இங்கதான். அது நின்னா மறுநாளே வண்டி அனுப்பு. வாயத் தொறக்காம ஏறிப் படுத்துக்கறேன்."

"சத்தியமா?"

"அம்மா மேல."

அக்கா நம்பினாள். அண்ணன் அம்மா மேல் வைத்த சத்தியத்தை மீறியதில்லை.

இதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் லீக் கடிதம் வந்தது. ஆக, நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம் சொல்வது. 'அண்ணே, கிரவுண்டை மூடிட்டாங்க.' அதைச் சொன்னால் மறுநாள் எனுகு.

ஞாயிறு மதியம் சொல்லத்தான் உள்ளே போனேன். அவன் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டிருந்தான், கண்ணாடி இல்லாமல். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். மூன்றாம் எண் போட்ட பழைய சட்டையைத் தலைவழியாகப் பாதி மாட்டியிருந்தான்.

"கீழ இழுத்து விடு. எத்தன மணிக்கு ஆரம்பம்?"

"நாலு," என்றேன்.

கல்லூரியில் சுவரொட்டிப் பத்திரிகை ஒன்றில் எழுதுகிறவன் நான். விடுதி மெஸ்ஸில் பீன்ஸில் இருக்கும் வண்டுகளுக்கு மாணவர் அடையாள அட்டை வழங்கப்படும் என்று எழுதினேன், இரண்டு பேர் அதற்கு விண்ணப்பமும் கொடுத்தார்கள். முகத்தை மாற்றாமல் பொய் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. அது போதாதென்று, எனுகுவுக்கு அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்க வேண்டும் என்பதும் மனசில் இருந்தது. அதை இப்போது சொல்கிறேன். அன்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சந்து முனையில் என் நண்பன் அமே உட்கார்ந்திருந்தான். வேலைநிறுத்தத்தால் அவனுக்கும் வேலையில்லை.

"எத்தன பேரைக் கூட்ட முடியும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? யாரை அடிக்கணும்?"

"அடிக்க இல்ல. கத்தணும்."

விஷயத்தைச் சொன்னேன். அமே விரலை மடக்கி எண்ணினான்.

"மேட்ச் பௌச்சில. கத்தறது இங்க."

"ஆமா."

"நம்ம நாட்டுல இதைவிட மோசமா திட்டம் போட்டு மந்திரி ஆயிருக்காங்க," என்றான். எழுந்து போய்ப் பத்து பேரோடு வந்தான்.

பன்னிரண்டு பேர் மதில் தாண்டினோம். மைதானத்தில் மூன்று ஆடுகள். ஜன்னலுக்கு நேரே இருந்த கேலரியில் ஏறி நின்றோம். அமே எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். ரசிகர் மன்ற ட்ரம்பெட்காரர் கிளெமெண்ட் அணியோடு பௌச்சி போயிருந்தார். அவர் போனில் சொல்வார், நாங்கள் கத்துவோம், ட்ரம்பெட்டுக்குப் பதில் அமேயின் வாய்.

நாலு மணிக்கு ஆரவாரம் செய்தோம். பன்னிரண்டு பேர் ஆயிரம் பேராகக் கத்துவது எளிதில்லை. கைகளைக் குழலாக்கிக் கத்தினோம், கேலரித் தகரத்தில் குதித்தோம். ஆடுகள் கார்னர் பக்கம் போய் நின்று எங்களைப் பார்த்தன.

இருபதாவது நிமிடம் கிளெமெண்ட் பேசினார். "ஒண்ணு வாங்கிட்டோம்."

"வாங்கிட்டோம்னா? போட்டோமா?"

"தம்பி, வாங்கிட்டோம்னா வாங்கிட்டோம்."

அமே என்னைப் பார்த்தான். "துக்கச் சத்தம் போடலாமா?"

நான் யோசித்தேன். சொந்த மைதானத்தில் முதல் இருபது நிமிடத்தில் கோல் வாங்குவதா? இந்த நாட்டில் யார் நம்புவார்கள்? "வேணாம். நாம ஜெயிக்கறோம்," என்றேன்.

அன்று பௌச்சியில் ஃபார்மர்ஸ் இரண்டுக்குப் பூஜ்யம் தோற்றது. அபாஜேயில் ஒன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தது. எழுபதாவது நிமிடம், ஹெட்டர்.

தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வலது பக்கம் படுத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் காய்ந்த ரத்தம் அப்படியே இருந்தது.

"யார் போட்டது?" என்றான்.

"புதுப் பையன் ஒகாபா. கார்னர்ல வந்துச்சு, தலையால ஒரு இடி."

"ம். நல்ல சத்தம்," என்றான். பிறகு, "இடைவேளைல வரவே இல்ல நீ," என்றான்.

வரவில்லைதான். இடைவேளையில் பன்னிரண்டு பேருக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன். மதியம் இரண்டு மணியிலிருந்து அவன் ஒரே பக்கம் படுத்திருந்தான். அப்போது மணி ஆறரை.

ஒரு தடவைதான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி ரேசரைக் கேட்டான்.

ஊரில் யாராவது உளறிவிடுவார்களோ என்று முதலில் பயந்தேன். தேவைப்படவில்லை. அண்ணனைப் பார்க்க ஆள் வருவது நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வகையில் வசதி.

மார்ச்சில் லாடி அக்கா போன் செய்தாள். இந்த முறை என்னிடம் மட்டும் பேச வேண்டும் என்றாள். சாக்கடை ஓரம் போய் நின்றேன்.

"கிரவுண்ட மூடியாச்சுன்னு பேப்பர்ல பாத்தேன். அவன் என்கிட்ட ஹோம் மேட்ச் நடக்குதுங்கறான். மூளைக்கு எதாவது ஆயிருச்சா?"

"இல்லக்கா." சொன்னேன். எல்லாவற்றையும். டின் உட்பட.

மறுமுனையில் வார்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குப் படிப்பில்ல, வேலையில்ல, சரி. புத்தியும் இல்லயா?" என்றாள். "நான் சொன்னா, சத்தம் கேக்குதேம்பான். நீயே இந்த வாரம் நிறுத்து. பெட்டை மாசக் கடைசி வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும்."

"இன்னும் ஒரே ஒரு மேட்ச்க்கா. அப்புறம் நானே சொல்லிடறேன்."

"ஓமாலே. நான் விளையாடல."

நானும் விளையாடவில்லைதான். ஆனால் மார்ச் கடைசி ஞாயிறன்று மதில் தாண்டினேன். பௌச்சியில் ஒன்றுக்கு ஒன்று. அபாஜேயில் மூன்றுக்கு ஒன்று. அந்த பெட்டில் வேறு யாரோ படுத்தார்கள். பிறகு காலியாகவே இல்லை.

மே மாதத்துக்குள் எங்கள் அணி இரண்டு பட்டியலில் இருந்தது. நாட்டுக்குத் தெரிந்த பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம், கீழ் டிவிஷனுக்குப் போக ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தது. எங்கள் சந்தில் இருந்த பட்டியலில் மூன்றாவது இடம், சொந்த மண்ணில் தோல்வியே இல்லை. அமே கத்துவதில் தேறிவிட்டான். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கென்று தனியாக ஒரு சத்தம் கண்டுபிடித்தான். அதைக் கேட்டு ஆடுகளே திரும்பிப் பார்த்தன.

புண்ணை முதலில் பார்த்தது மே முதல் வாரம். வலது இடுப்பெலும்பின் மேல், ஐம்பது கோபோ நாணயம் அளவுக்குச் சிவப்பு. ஜன்னல் பக்கம் படுக்கும்போது படுக்கையில் அழுந்துகிற இடம். அவனுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. தொட்டால் தெரியாது. நான் மருந்து போட்டேன், துணி வைத்துக் கட்டினேன், அந்தப் பக்கம் திருப்புவதை நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழம மட்டும் திருப்பு," என்றான்.

"புண்ணு இருக்குண்ணே."

"ஒரு மேட்ச்தானேடா. சுவத்தப் பாத்துக்கிட்டு மேட்ச் கேக்கறது ஒரு பொழப்பா?"

திருப்பினேன். இரண்டு வாரத்தில் புண் குழியானது. அதற்கடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கம்பளி கேட்டான், பிறகு கம்பளியைத் தூக்கி எறிந்தான். அறையில் ஒரு வாடை வந்தது. லாடி அக்காவுக்கு நானே போன் செய்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளின் கடைசி வரி நடந்தது.

வாடகை வண்டி பிடித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து இறங்கினாள். கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மூடினாள். "துணிமணி எடுத்து வை. உடனே கெளம்பணும்," என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது. "அக்கா, இன்னைக்குக் கடைசி ஹோம் மேட்ச். ஆறு மணிக்குப் போலாம்."

"எக்கோஜா, உனக்கு ஒடம்பு..."

"ஒடம்பு எங்கயும் ஓடிறாது. ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

அக்கா வெளியே வந்தாள். சந்தில் அமேயும் மற்ற பத்துப் பேரும் டின்னோடு நின்றார்கள். எல்லோரும் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்கள். ஒரே டின்தான்.

"இன்னைக்கும் கூத்தா?" என்றாள்.

"அவன் கேக்கறான்க்கா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நாலுக்கு ஆரம்பிச்சு ஆறுக்கு முடிங்க. கூடுதல் நேரம் ஒரு நிமிஷம் கெடையாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனை அவளே ஜன்னல் பக்கம் திருப்பினாள், புண் படுக்கையில் படாமல் தலையணையை முட்டுக் கொடுத்து. அப்படியும் வைக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

மதில் தாண்டினோம். அன்று பௌச்சியிலும் கடைசி ஆட்டம்தான். ஜெயித்தால் லீக்கில் இருப்போம், சமன் செய்தாலும் இறங்குவோம். நான் கிளெமெண்டின் போனை எடுக்கவே போவதில்லை என்று நினைத்திருந்தேன். எப்படியும் எங்கள் மேட்சில் நாங்கள் இரண்டுக்குப் பூஜ்யம் ஜெயிப்பதாக முடிவாகியிருந்தது. கத்தினோம். ஆனால் யாருக்கும் குரல் எழும்பவில்லை. அமே கம்பத்துச் சத்தத்தைக்கூடப் பாதியில் விட்டான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எண்பத்தொன்பதாவது நிமிடம் எடுத்தேன். கிளெமெண்டின் பின்னால் யாரோ அழுதார்கள். பிறகு அவர் ட்ரம்பெட்டைப் போனில் வைத்தே ஊதினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒகாபா! தலையால! கார்னர்ல வந்துச்சு, ரெண்டுக்கு ஒண்ணு!"

நான் ஸ்பீக்கரில் போட்டேன். பன்னிரண்டு பேரும் குனிந்து அந்தப் போனைப் பார்த்தோம். கடைசி விசில் அதற்குள்ளிருந்து சின்னதாகக் கேட்டது. அப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அமே டின்னைக் காலால் உதைத்தான், அது மைதானத்தின் நடுவில் போய் விழுந்தது. நான் யாருடைய தோளிலோ இருந்தேன். கத்தினேன் என்று பிறகு தொண்டை சொன்னது.

ஆறு மணிக்கு அண்ணனைப் போர்வையோடு தூக்கி வண்டியின் பின் இருக்கையில் கிடத்தினோம். அவன் தலை என் மடியில். அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில். சாலைப் பள்ளங்களில் வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கொதித்தது.

"யார் போட்டது?" என்றான்.

"ஒகாபா. கார்னர்ல வந்துச்சு. தலையால."

"முதல் மேட்ச்லயும் அதையேதான் சொன்ன."

"இது உண்மையாவே அப்படிதாண்ணே."

"தெரியும்டா. இன்னைக்குக் கத்துனது உண்ம." கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். "மத்ததெல்லாம் நல்லாத்தான் கத்துனீங்க. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டீங்க."

போர்வையை அவன் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

"நாலு மாசம் ஹோம் மேட்ச். ஒருத்தன்கூட ரெஃப்ரியத் திட்டல. ஒரு ஆஃப்சைடுக்குக்கூட அவங்க அம்மாவ இழுக்கல. இது நைஜீரியாவாடா, இல்ல சர்ச்சா? முதல் நாள் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு."

டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்து எங்களைப் பார்த்தார்.

"அப்புறம் ஏண்ணே போகல? கிரவுண்ட மூடினா போறேன்னு சத்தியம் பண்ண. மார்ச்ல பெட் இருந்துச்சு."

அவன் என் மடியிலேயே தலையை வண்டி ஜன்னல் பக்கம் திருப்பினான்.

"மூடலயே," என்றான். "பன்னெண்டு பேரு வெயில்ல நின்னு எனக்காகக் கத்துறீங்க. கூட்டம் இருக்கும்போது ஆட்டக்காரன் எப்படி வெளிய போறது? அப்படி எழுந்து போனா என்ன பேசுவாங்க."

பிறகு, "தண்ணி," என்றான்.

எனுகுவில் டாக்டர் கட்டைப் பிரித்து, கையுறையோடு உள்ளே அழுத்திப் பார்த்தார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். "மார்ச்ல வந்திருக்கணும்," என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒரு மாதத்தின் பெயரைத்தான் சொன்னார். ஒன்பதாவது நாள் காலை, அக்காவின் டூட்டி நேரத்தில், அண்ணன் போய்விட்டான். கடைசி இரண்டு நாள் அவன் எங்களில் யாரையும் அடையாளம் காணவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்கா அவனைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

அடக்கத்துக்கு முழு அணியும் வந்தது, வள்ளிக்கிழங்கு சட்டையில். கிளப் தலைவர் பேசும்போது எக்கோஜாவுக்கு ஸ்டேடியம்தான் வீடு என்றார். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் அந்த வாரம் முடிந்தது. பரீட்சைக்கு வரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது.

ஸ்டேடியத்தை நவம்பரில் திறந்தார்கள். மதில் இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தது. கம்பம் நான்கு, விளக்கு மூன்றில். ஆடுகளை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. முதல் ஹோம் மேட்சுக்கு நான் லீவில் ஊருக்கு வந்தேன். அமே டிக்கெட்டோடு வந்து வாசலில் நின்றான்.

"வரலியா?"

"நீ போ."

அவன் சக்கர நாற்காலியைப் பார்த்தான், அதன் மேல் காய்ந்த என் சட்டையைப் பார்த்தான், போய்விட்டான்.

நான் உள்ளே போய் அண்ணன் படுக்கையில் ஜன்னலைப் பார்த்து, வலது பக்கம் படுத்தேன். புது மதில் உயர்ந்ததில் வானம் குறைவாகத் தெரிந்தது. நாலு மணிக்கு விசில் கேட்டது. கிளெமெண்டின் ட்ரம்பெட் கேட்டது. மூன்றாவது நிமிடமே ஒரு ஆள் ஆரம்பித்தான், எந்தக் கேலரியென்று தெரியவில்லை.

"ஏய் ரெஃப்ரி, விசிலப் புடுங்கி உங்க மாமியாருக்குக் குடு, அவளாவது ஒழுங்கா ஊதுவா."

அதற்குப் பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. அவருடைய அம்மா, அவருடைய ஊர், அவருடைய கண், அவர் சாப்பிட்ட காலைச் சாப்பாடு, எதையும் விடவில்லை. ஒரு பெண் குரல் அவர் தலைமுடியைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னது, கேலரி முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு பேரில் ஒருவனுக்குக்கூட இது தோன்றவில்லையே என்று நினைத்தேன். தோன்றியிருந்தால் அண்ணன் நம்பியிருப்பானா, அல்லது அப்போதும் வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பானா?

பிறகு ஒரு பெரிய சத்தம் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோலா, கம்பத்தில் பட்டதா, கீப்பர் பிடித்தாரா, நாங்கள் போட்டதா, வாங்கியதா, எந்தப் பக்கம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக் கேட்டேன். வெறும் சத்தமாக இருந்தது. இன்னொன்று எழுந்தது. அதுவும் தெரியவில்லை.

இடைவேளைக்கும் அசையவில்லை. அப்படியே படுத்திருந்தேன். கூட்டம் கலைந்து சந்து வழியாகப் பேசிக்கொண்டு போனது. அவர்கள் ஸ்கோர் சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொண்டேன். வலது இடுப்பில் வலித்தது. சுவரில் அக்காவின் தாள் இன்னும் இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இடது பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்தேன்.